ஏழாம் மாடி, மூன்றாம் கேள்வி

படிப்பு விஷயத்தில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை என்று முப்பத்தாறு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். பட்டப்படிப்பு, அதற்கு மேல் ஒரு டிப்ளமோ, பள்ளிக்கூடத்தில் வாங்கிய நாலு கோப்பைகள் எல்லாம் என்னிடம் உண்டு. இந்த நம்பிக்கையை ஒரேயடியாகக் கவிழ்த்தவர் எங்கள் மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டிய ஒரு பெண்மணி. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத எனக்கு இரண்டு வருடம் பிடித்திருக்கிறது. வயிற்றெரிச்சல்தான் காரணம், வேறென்ன? இப்போது அது ஓரளவு அடங்கிவிட்டதால் எழுதுகிறேன்.

நான் தரைத்தளத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்காருகிறவள். எனக்கு நேர் எதிரே பெரிய லிஃப்ட். ஸ்ட்ரெச்சர் ஏற்றுகிற லிஃப்ட் என்பதால் அதற்குள் எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள்தான் லிஃப்ட் அக்கா. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் அக்காதான். குள்ளமான உருவம், நீலக் கோட்டு, மூலையில் ஓர் இரும்பு ஸ்டூல். பதினாறு வருடமாக அந்தப் பெட்டிக்குள் ஒன்பது மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கண் டாக்டர் எங்கே என்று யாராவது கேட்டால் நான் சுவரில் இருக்கும் போர்டைக் காட்டுவேன். அக்கா மாடியைச் சொல்லி, அறையைச் சொல்லி, அங்கே இந்நேரம் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதையும் சொல்லி அனுப்புவார். ஜனங்கள் என்னைத் தாண்டிப் போய் அவரிடம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். விசாரணை என்று எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் எனக்குக் கடுப்பு வராதா?

எங்கள் மருத்துவமனையின் அடித்தளத்தில் ரெக்கார்டு ரூம் இருக்கிறது. நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் அங்கேதான். அங்கே உதவியாளர் வேலைக்கு, உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கென்றே வருடத்துக்கு ஒரு தேர்வு வைப்பார்கள். முதலில் எழுத்துத் தேர்வு. அதில் அறுபது எடுத்தால் நேர்முகம். முடிவில் ஒரே ஒருவருக்கு வேலை. படிக்க வேண்டியது ஒரே ஒரு கையேடு. நோய்களின் குறியீட்டு எண்கள், கோப்பு அடுக்கும் முறை, எதை யார் பார்க்கலாம், எதை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று மொத்தம் ஒன்பது பாடங்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டால் எழுத முடியாது.

அக்கா கையேட்டைக் கையில் வாங்கியபோது அவருக்கு நாற்பத்து மூன்று முடிந்திருந்தது. இரண்டு முறை எழுதலாம், அவ்வளவுதான். அதற்கான தகுதிக்காகவே பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறியிருந்தார்.

"இந்த வயசுல எதுக்குக்கா இந்தத் தலைவலி?" என்று கேட்டேன்.

"பதினாறு வருஷமா எல்லாரையும் அவங்கவங்க போற எடத்துல எறக்கி விட்டுட்டேன். நான் எறங்கறதுக்கு ஒரு எடம் வேணாமா?" என்றார்.

நானும் அந்தத் தேர்வுக்குத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் புத்தகம் திறந்தபடியே இருக்கும். நாலு வண்ணப் பேனாக்கள் வைத்திருந்தேன். பச்சை குறியீடுகளுக்கு, மஞ்சள் விதிகளுக்கு, இளஞ்சிவப்பு கால அளவுகளுக்கு, நீலம் மிக முக்கியமானவற்றுக்கு. இரண்டே மாதத்தில் முக்கால்வாசிப் புத்தகம் மிக முக்கியமாகிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாரும் "எப்படிம்மா இவ்வளவு படிக்கறீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் கையேட்டை வைத்துப் படித்தார். ஒருநாள் ஸ்ட்ரெச்சரில் இருந்த நோயாளியை ஐந்தாம் மாடியில் இறக்காமல் எட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, இரண்டு நிமிடத் தாமதம். நான் அதைக் கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். இங்கே பொய் சொல்லிப் பிரயோசனம் இல்லை. நோயாளி மேல் இருந்த அக்கறையில் சொல்லவில்லை. போட்டிக்கு ஓர் ஆள் குறையட்டும் என்றுதான் சொன்னேன்.

கண்காணிப்பாளர் அக்காவைக் கூப்பிட்டு, "லிஃப்டுக்குள்ள இனிமே புத்தகம் கூடாது. துண்டுப் பேப்பர்கூடக் கூடாது. பார்த்தேன்னா மெமோதான்," என்று சொல்லிவிட்டார்.

அத்தோடு ஆள் ஓய்ந்துவிடுவார் என்று நினைத்தேன். எட்டு மணி நேரம் அந்தப் பெட்டிக்குள் வெறுங்கையோடு உட்கார்ந்து எப்படிப் படிக்க முடியும்? வீட்டுக்குப் போனால் சமையல், துணி, வருகிற வருடம் கல்லூரிக்குப் போகப் போகிற மகள், கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு இடுப்பு வலியோடு வரும் கணவர்.

ஆனால் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பக்கம் படிப்பார். மருத்துவமனைக்கு வந்ததும் கையேட்டை என் கவுண்டருக்குக் கீழே போட்டுவிட்டு லிஃப்டுக்குள் போய்விடுவார். காலையில் படித்ததை நாள் பூராவும் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பார். முதல் பாடத்துக்கு முதல் மாடி, இரண்டாம் பாடத்துக்கு இரண்டாம் மாடி என்று வைத்துக்கொண்டார். மாடியும் ஒன்பது, பாடமும் ஒன்பது. லிஃப்ட் ஏற ஏற உதடு அசையும். சிலர் அக்கா ஏதோ ஜெபம் செய்கிறார் என்று நினைத்துத் தாங்களும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்களாம்.

அந்த வருடம் தேர்வு அறையில் எனக்கு முன் பெஞ்சில் அக்கா. கேள்வித்தாளைப் பார்த்ததும் அவருடைய வலது கட்டைவிரல் பெஞ்சின் மேல் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது லிஃப்ட் பட்டன் அமுக்குகிற விரல். எட்டாம் பாடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தால், முதல் மாடியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி எட்டுக்குப் போனால்தான் அவருக்குப் பதில் கிடைத்தது. அடுத்த கேள்வி மூன்றாம் பாடம். மறுபடி தரைத்தளத்துக்கு வந்து ஏற வேண்டும். கேள்வித்தாள் தயாரித்தவர் பாட வரிசையில் கேட்டிருந்தால் அக்கா பிழைத்திருப்பார். தயாரித்தவரோ சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி கலைத்துப் போட்டிருந்தார். மணி அடித்தபோது அக்காவின் தாளில் ஐந்து கேள்விகள் தொடாமலே கிடந்தன.

அக்காவுக்கு ஐம்பத்தாறு. எனக்கு ஐம்பத்தொன்று. மருந்துக் கவுண்டரில் இருந்த ஒருவருக்கு வேலை கிடைத்தது.

ஐம்பத்தொன்று! நாலு வண்ணம், பட்டம், டிப்ளமோ எல்லாவற்றுக்கும் சேர்த்து. கேள்வித்தாள் சரியில்லை, பாடத்துக்கு வெளியே கேட்டுவிட்டார்கள், அறையில் வெளிச்சம் போதவில்லை என்று ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். அக்கா மூன்று நாள் உதடு அசையாமல் லிஃப்ட் ஓட்டினார். நாலாம் நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்குப் பதில் எல்லாம் தெரிஞ்சுதான்ம்மா இருந்துச்சு. ஆனா கீழேருந்து ஏறித்தான் போக முடிஞ்சுது. நம்ம லிஃப்டுல யாராவது அப்படியா ஏறுறாங்க? ஒருத்தர் மூணுங்கறாரு, ஒருத்தர் ஒம்போதுங்கறாரு. எங்கேருந்து வேணா கூப்பிடறாங்க. லிஃப்ட் போவுதுல்ல? நான் மட்டும் ஏன் வரிசையா ஏறிக்கிட்டு இருந்தேன்?"

இதைச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். தோற்றுப்போனதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

அடுத்த மாதம் புது ஏற்பாடு ஆரம்பமாயிற்று. ஒரு பழைய நோட்டில், பாடத்துக்குப் பன்னிரண்டு கேள்வி வீதம் தானே எழுதிக்கொண்டார். லிஃப்டில் பன்னிரண்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது, அதனால் பன்னிரண்டு. யார் எந்த மாடி கேட்கிறாரோ அது பாடம். உள்ளே எத்தனை பேர் நிற்கிறார்களோ அது கேள்வி. மூன்று பேர் ஏறி ஏழாம் மாடி என்றால் ஏழாம் பாடத்து மூன்றாம் கேள்வி. கதவு திறப்பதற்குள் பதிலை மனதுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். கூட்டம் குறைவான நாட்களில் பதினொன்றும் பன்னிரண்டும் வராமலே போயின. அதனால் கையில் இருக்கும் பைகளையும் சேர்த்து எண்ண ஆரம்பித்தார். பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் இரண்டு பேர் என்று கணக்கு. இரட்டைப் பிள்ளை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஸ்கேன் ரிப்போர்ட்டா கேக்க முடியும்? ரெண்டுதான்," என்றார்.

பதில் வராத கேள்விகளை என்ன செய்வது? எழுதி வைக்கலாம் என்றால் உள்ளே துண்டுப் பேப்பர்கூடக் கூடாது. அதற்கும் ஒரு வழி செய்தார். தரைத்தளத்தில் கதவு திறந்ததும் எனக்குக் கேட்கிற மாதிரி கத்துவார்.

"ஏழு மூணு தெரியல! ரெண்டு பதினொண்ணு தெரியல!"

நான் கவுண்டரில் ஒரு சீட்டில் குறித்து வைக்க வேண்டும். அவரைப் போட்டுக் கொடுத்தவள் நான். அவருக்கே குமாஸ்தாவாகவும் ஆகிவிட்டேன். முதல் நாள் நாற்பது எண்கள் வந்தன. வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "ஏழு மூணுல பெட் காலியா இருக்காம்மா?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

மதியம் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு, தெரியாதவற்றை மட்டும் கையேட்டில் புரட்டிப் பார்ப்பார். தெரிந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பார்த்ததும் அந்த எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி, மாலையில் கோட்டின் இடது பைக்குள் போட்டுக்கொள்வார். மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போது இடது பையில் கைவிட்டு எடுப்பார். பதில் வந்தால் சீட்டு வலது பைக்குப் போகும். லிஃப்டுக்குள் போகும் முன் இரண்டு பைச் சீட்டுகளும் தனித்தனியே என் கவுண்டருக்குக் கீழே வந்துவிடும். சனிக்கிழமை வலது பையைக் காலி செய்து எல்லாவற்றையும் இன்னொரு முறை கேட்டுக்கொள்வார். அப்போதும் வந்தால் சீட்டு குப்பைத் தொட்டிக்கு, வராவிட்டால் மறுபடி இடது பைக்கு. எத்தனையோ மேதாவிகள் மேசையும் விளக்கும் அலமாரியும் வைத்துக்கொண்டு செய்யாததை அந்த அம்மாள் இரண்டு கோட்டுப் பைகளில் செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ படிவம் கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, கை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடுகிற சமையலறை. அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் உட்கார்ந்து அவர் கணவர், விரல் இடுக்கில் காய்ந்த பெயிண்டோடு, நோட்டைக் கண்ணுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறாம் பாடம், ஒம்போது. என்னம்மா இது, வாய்க்குள்ள நுழையாத பேரா இருக்கு. இந்த வியாதி வந்தவன் பேரக் கேட்டே செத்துருவான்."

"நீங்க கேள்விய மட்டும் படிங்க," என்றார் அக்கா, கரண்டியைத் தேய்த்தபடியே.

மகள் என்னிடம் சொன்னாள்: "அப்பாவுக்குப் பாதி மனப்பாடம் ஆயிடுச்சு ஆன்ட்டி. போன வாரம் சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போன வீட்டுல, அவங்களோட ஆஸ்பத்திரி ஃபைலை எத்தன வருஷம் வச்சிருக்கணும்னு சொல்லிட்டு வந்திருக்காரு."

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு குட்டு விழுந்தது. நான் சும்மா இருக்காமல், "நானும் ஆறாம் பாடம் முடிச்சுட்டேன்க்கா, அஞ்சு தடவ படிச்சாச்சு," என்றேன். பெருமைதான், வேறென்ன.

"அப்படியா? புத்தகத்த மூடிட்டுச் சொல்லு. ஒரு ஃபைல் ரெக்கார்டு ரூம விட்டு வெளிய போவணும்னா மூணு விஷயம் வேணும். என்னென்ன?"

எனக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு முன்னால் அப்படியே நின்றது. வலது பக்கம், கீழ்ப் பாதி, மஞ்சள் கோடு, ஓரத்தில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்தின் ஐந்து முனைகூட ஞாபகம் இருந்தது. அங்கே என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வரவில்லை. பெயிண்டர் அண்ணன் பாவப்பட்டு, "முதல்ல கையெழுத்து வேணும்மா," என்று எடுத்துக் கொடுத்தார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "திருப்பித் திருப்பிப் படிச்சா தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும். தெனம் பார்க்கற மொகம் மாதிரி. நம்ம தெருவுல தெனமும் பார்க்கறோமே ஒருத்தர, அவர் மூக்கு எப்படி இருக்கும்னு கேட்டா சொல்ல முடியுமா? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. புத்தகத்தப் புடுங்குன பொறவுதான் எனக்கு எவ்வளவு தெரியாதுன்னு தெரிஞ்சுது." பிறகு சொன்னார்: "நீதான் போய்ச் சொன்னேன்னு எனக்குத் தெரியும். விடு. நல்லதாப் போச்சு."

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மன்னிப்புக்கூடக் கேட்காமல், கொண்டுபோன படிவத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அவரோ மறுநாளிலிருந்து, மதிய இடைவேளையில் நோட்டிலிருந்து என்னையும் கேள்வி கேட்க ஆரம்பித்தார். நான் உளறும் இடங்களில் எனக்கு விளக்கிச் சொல்வார். விளக்கும்போது சில இடங்களில் அவரே தடுமாறுவார். உடனே, "இதுவும் சீட்டுக்குப் போவட்டும்," என்று எழுதிக்கொள்வார்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "வேலை ஒண்ணுதான்க்கா இருக்கு. எனக்கு எதுக்குச் சொல்லித் தர்றீங்க? உங்களுக்கு இதான் கடைசி வருஷம்."

"உனக்குச் சொல்றப்பதான் எனக்கு எங்க ஓட்டைன்னு தெரியுது. உனக்கு உதவி பண்றேன்னு நெனச்சுக்காத, என் வேலையத்தான் பார்க்கறேன்."

பாதி உண்மை. மீதிப் பாதி அவருடைய நல்ல மனசு, அதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரிய லிஃப்டின் இரும்புக் கயிற்றை மாற்ற வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர்கள் பக்கத்துக் கட்டட வழியாகப் போயின. அக்காவை வெளிநோயாளிகள் பகுதியில் டோக்கன் கொடுக்கப் போட்டார்கள். எனக்குத்தான் பதறியது. மாடிகள் இல்லை, பட்டன் இல்லை, போன வருடம் பெஞ்சில் பட்டன் அமுக்கியவர் இப்போது என்ன செய்வார்? ஓடிப் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்குப் பின்னால் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"எழுபத்து மூணாம் நம்பர் டோக்கன் யாரு? வாங்க." சீட்டை நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எழுபத்து மூன்று என்றால் ஏழாம் பாடம், மூன்றாம் கேள்வி. இப்போதெல்லாம் "தெரியல" என்று எனக்குச் சொல்லியனுப்ப ஒரு நாளைக்கு ஐந்தோ ஆறோதான் மிஞ்சின. டோக்கன் கூட்டம் லிஃப்ட் கூட்டத்தைவிடப் பெரியது, அதனால் பயிற்சியும் அதிகம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். கயிறு அறுந்தாலும் இந்த அம்மாளை நிறுத்த முடியாது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் கவுண்டரில் நான் பக்கங்களைத் தறிகெட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து கையேட்டை மூடினார்.

"இனிமே புதுசா உள்ள போறது ஒண்ணும் இல்ல. உள்ள இருக்கறது நாளைக்கு வெளிய வரணும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு நல்லாத் தூங்கு." அவர் அன்று மாலை மகளோடு செருப்பு வாங்கப் போனார்.

எழுத்துத் தேர்வில் எனக்கு எழுபத்தாறு. அக்காவுக்கு எழுபத்து நாலு. அந்த வருடம் அறுபதைத் தாண்டியது நாங்கள் இருவர் மட்டும்தான். ஐம்பத்தொன்றிலிருந்து எழுபத்தாறுக்கு என்னைத் தூக்கிவிட்டவர் என்னைவிட இரண்டு குறைவு. இந்த இடத்தில் நான் நேர்முகத்துக்குப் போகாமல் விட்டுக்கொடுத்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். இரண்டு மதிப்பெண் முன்னால் இருக்கிறேன், பேசத் தெரியும், ஆங்கிலமும் கொஞ்சம் வரும். புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனேன்.

ரெக்கார்டு அதிகாரி ஒரு கண்டிப்பான அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதன் மேலாகப் பார்த்துக் கேட்பார். ஆறு கேள்விகளுக்கும் டாண் டாணென்று பதில் சொன்னேன். ஏழாவதாகக் கேட்டார்: "ஒரு ஃபைல் தண்ணியில நனைஞ்சு போச்சு. எழுத்து பாதி அழிஞ்சுடுச்சு. அதைத் திருப்பி எழுதிப் புது ஃபைல் போடறதுக்கு யார் அனுமதி தரணும்?"

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் விசாரணைக் கவுண்டரில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தவள் நான். தெரியாததைத் தெரிந்த குரலில் சொல்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "கண்காணிப்பாளர் எழுத்து மூலமா அனுமதி தரணும் மேடம். ஆறாம் பாடத்துல இருக்கு," என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டு, "சரி, போகலாம்," என்றார். வெளியே வந்து அக்காவைப் பார்த்துப் புன்னகை செய்தேன். எனக்கே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம் அறிவிப்புப் பலகையில் ஒரே ஒரு பெயர் இருந்தது, அது அக்காவுடையது. அவரைச் சுற்றி நர்சுகளும் வார்டு ஆட்களும் கூடிவிட்டார்கள். பெயிண்டர் அண்ணன் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து, எல்லாரிடமும் ஆறாம் பாடம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் ஜெயித்ததில் சந்தோஷமாகவும் இருந்தது, நான் தோற்றதில் ஆத்திரமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கூட்டம் கலைந்ததும் ரெக்கார்டு அதிகாரியின் அறைக்குப் போய் நேராகவே கேட்டுவிட்டேன். மார்க்கில் நான்தானே மேலே இருந்தேன்?

அவர் கோபப்படவில்லை. "ஈரமான ஃபைல் பத்தி நான் கேட்டேன் இல்ல, அப்படி ஒரு விதி கையேட்டுல எங்கயுமே கிடையாதும்மா. வேணும்னுதான் கேட்டேன். நீ பாடத்தோட நம்பர் வரைக்கும் சொல்லிட்டே. அவங்க கொஞ்ச நேரம் கண்ண மூடிட்டு இருந்தாங்க. அப்புறம், 'ஒம்போது பாடத்துலயும் இது இல்ல மேடம், எனக்குத் தெரியாது. உங்களக் கேட்டுட்டுத்தான் அந்த ஃபைலத் தொடுவேன்'னாங்க. எனக்கு அந்த ரூம்ல யாரு வேணும், நீயே சொல்லு."

வணக்கம் சொல்லிவிட்டு என் கவுண்டருக்குத் திரும்பினேன்.

திங்கட்கிழமை காலை அக்கா நீலக் கோட்டைக் கண்காணிப்பாளர் அறையில் ஒப்படைத்துவிட்டு, சாதாரணப் புடவையில் என் கவுண்டர் பக்கம் வந்தார். புதிதாக லிஃப்ட் ஓட்ட வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அக்கா, கடைசி வருஷம். அதுவும் கடைசிக் கேள்வி. தெரியாதுன்னு சொல்ல உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயம் இல்லாமயா? இதோட போச்சுன்னுதான் நெனச்சேன்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க? ஏதாவது ஒரு பதில் சொல்லியிருக்கலாமே."

அக்கா என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை, அதனால்தான் இன்னும் உறைக்கிறது.

"தெரிஞ்ச மாதிரி பேசி வேலைய வாங்கிட்டா, அப்புறம் தெனமும் தெரிஞ்ச மாதிரியே பேசணுமேம்மா. அந்த ஃபைல நம்பித்தான் மேல ஒருத்தருக்கு ஊசி போடுவாங்க."

சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, படிக்கட்டு வழியாக ரெக்கார்டு ரூமுக்கு இறங்கிப் போனார்.